சுவரில் விட்டுவந்த முடி

முடி கொட்டுவதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை நான். கொட்டினால் கொட்டிவிட்டுப் போகட்டும், முளைக்கத் தெரிந்தால் முளைக்கட்டும் என்று சொல்லக்கூடியவள். அப்படிப்பட்டவளே ஒரு வருஷம் சீப்பைக் கையில் எடுக்க நடுங்கியிருக்கிறேன். நீலகிரியில் குந்தாப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த காலம் அது.

நாங்கள் என்றால் அம்மாவும் நானும்தான். சிலோனிலிருந்து வந்து அப்போது நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்பா உயிரோடு இருந்தபோதே இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது அவர் இல்லை. அதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். நாங்கள் காலி செய்த காம்பராவில் அவளும் அவள் புருஷனும் குடிவந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற ஒற்றை அறையைத்தான் அங்கே காம்பரா என்போம்.

அந்தக் காம்பராவின் சுவரில், விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொந்து இருந்தது. தலை சீவினால் உதிர்ந்த முடியை விரலில் சுற்றி, உருண்டையாக்கி, அதில் செருகிவைப்பது வழக்கம். வெளியே எறிந்தால் காற்றில் பறந்து யார் கையிலாவது சிக்கும், சிக்கினால் செய்வினை வைப்பார்கள் என்று பயம். அம்மா முடி, அக்கா முடி, என் முடி எல்லாம் அந்த ஒரே பொந்துக்குள்தான் போயிற்று. வீட்டைவிட்டுப் போகிறவர்கள் அதைத் தோண்டியெடுத்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கப்பலுக்குப் புறப்பட்ட அன்று காலையில் நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு சுவரண்டை போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுக்காத புள்ள. பெரியவளுக்குத் தொணைக்கு இருக்கட்டும்.”

அக்கா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் எங்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. தன் கொழுந்துக் கூடையிலிருந்து கயிற்றை அவிழ்த்து அம்மாவின் மடியில் வைத்தாள். உச்சந்தலையில் படுகிற இடத்துக்குப் பழைய சேலைத் துணியைச் சுற்றி அவளே தைத்த கயிறு அது.

குந்தாவில் எங்களுக்குக் கிடைத்த லயம் ரொம்பப் பழசு. சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கறுத்திருக்கும். மத்தியானம் சாய்ந்ததும் பனிமூட்டம் ஏறி வரும். கதவைத் திறந்து வைத்தால் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து அடுப்பு வரைக்கும் நிற்கும். தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். சீசாவை அடுப்போரம் வைத்து இளக்கித்தான் தலைக்குத் தேய்க்கவேண்டும். இங்கத்திய பெண்கள் சாக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பிடிபடவில்லை. கூடை இல்லாமல் மலைக்கு ஏறமாட்டோம் என்று அடம்பிடித்து மூங்கில் கூடை வாங்கி, கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டுக்கொண்டோம். சிலோன்காரிகள் தூரத்தில் வரும்போதே தெரியும் என்று சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். கையில் இருந்த தொழிலையும் மாற்றிக்கொண்டால் எங்களிடம் என்னதான் மிச்சம் இருக்கும் என்று நாங்களும் வீம்பாக இருந்தோம்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அக்காவிடமிருந்து தபால் வரும். ஒரு வருஷம், அங்கே பெரிய கலவரம் என்று பக்கத்து வீட்டு ரேடியோவில் சொன்னார்கள். தோட்டங்களில்கூட லயங்களைக் கொளுத்துகிறார்களாம், சனங்கள் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்களாம் என்று அக்கரையிலிருந்து புதிதாக வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தீபாவளிக்குத் தபால் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

முடி கொட்டுகிறதே என்று நாங்கள் கவனித்தது அந்தச் சமயத்தில்தான். உதிர்வது முன்பே உதிர்ந்திருக்கும். ஆனால் பயம் பிடித்த கண்ணுக்கு எல்லாம் புதிதாகத் தெரியும். சீப்பில் முடி, சோற்றில் முடி, கம்பளியில் முடி. காலையில் பாயைச் சுருட்டினால் தலை கிடந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். அம்மா குனிந்து அடுப்பு ஊதும்போது அவள் உச்சியைப் பார்த்தேன். வகிட்டுக்குக் குறுக்கே, ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம் வரைக்கும், தோல் வெளுப்பாகத் தெரிந்தது. என் தலையைத் தடவினேன். அதே இடத்தில் என் விரலுக்கும் வழவழவென்று தட்டுப்பட்டது.

கொட்டியது பெரிதில்லை. சாயங்காலம் கூடையை இறக்கிவைத்து, முகம் கழுவி, அடுப்பு முன்னால் உட்கார்ந்த பிறகும் உச்சியில் யாரோ ஒரு கொத்து முடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். வெடுக்கென்று இழுக்கவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். நான் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறவளிடம் இதை வேறு எதற்குச் சொல்லவேண்டும்?

ஒரு நாள் சாயங்காலம் அவளே கேட்டாள்.

“ஒனக்கும் இழுக்குதா?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பனி.

“எது?” என்றேன், தெரியாததுபோல.

“பின்னால இருந்து. மெதுவா.” அம்மா உச்சியில் கை வைத்துக்கொண்டாள். “அவதான் புள்ள. பொந்துல கைய விட்டு நம்ம முடியப் புடிச்சிக்கிட்டு இருக்கா. எங்கிட்டாவது ஒளிஞ்சிருந்துட்டு காம்பராவுக்குத் திரும்பி வந்துருக்கணும். இல்லாட்டி யாரு இழுப்பா?”

அவள் குரலில் பயம் இல்லை. பல மாதமாக நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. அன்றைக்கு அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். பயந்தது நான்தான். திரும்பி அந்தச் சுவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிலிருந்து தினமும் இதே பேச்சு. இழுப்பு பலமாக இருந்தால் அக்கா நல்லபடியாக இருக்கிறாள் என்று அர்த்தம். லேசாக இருந்தால் காய்ச்சலாக இருக்கும். சீப்பில் முடி அதிகமாக வந்தால் அம்மா கோபிக்கவில்லை. அதைச் சுற்றி இங்கத்திய சுவரிலும் ஒரு வெடிப்பில் செருகிவைத்தாள். நாளாக ஆக அது பிதுங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றது. வீட்டுக்குள் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டரிடம் கேட்டுப் பார்த்தேன். தினம் கொஞ்சம் உதிர்வது எல்லோருக்கும் உண்டு, தண்ணீர் மாறினாலும் கொட்டும், ரத்தம் குறைந்தாலும் கொட்டும் என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை தின்று என்ன, இழுப்பு நின்றபாடில்லை.

ஒரு மழை நாள். கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் எல்லோரும் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தோம். எங்கள் அடுத்த வீட்டுக்காரி கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள்.

“ஏங் கண்ணு, உங்க சிலோன்காரங்க பூராத்துக்கும் ஒரே எடத்துல மண்டை தெரியுதே? கூட்டமாப் போயி ஏதாச்சும் வேண்டுதல் வெச்சீங்களா?”

கிண்டலாகத்தான் கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். கொட்டகைக்குள் புகைபோலப் பனி. அதற்குள் வரிசையாக ஈரத் தலைகள். சிலோனிலிருந்து வந்த பெண்கள் அத்தனை பேருக்கும், கிழவியிலிருந்து கல்யாணமாகாத பெண் வரைக்கும், உச்சியில் அதே வெள்ளைப் பட்டை. குறுக்கே, ஒரே அளவில், ஒரே இடத்தில். யாரோ ஒருத்தி ஒரே கையால் எல்லோரையும் தொட்டுவிட்டுப் போனதுபோல. எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. இத்தனை பேரையும் அங்கிருந்து பிடித்து இழுக்கிறார்களா என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரமே என் கூடைக்கயிறு நைந்து அறுந்தது. வேறு கயிறு கிடைக்கும்வரை அடுத்த வீட்டுக்காரி தன் பழைய சாக்குப் பையைக் கொடுத்தாள். தோளில் மாட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. சாயங்காலம் அடுப்பு முன்னால் உட்கார்ந்தபோது ஏதோ குறைந்தது. என்ன குறைகிறது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. உச்சியில் பிடித்திருந்த கை இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் இருந்தது. அவள் தலையில் அக்கா கொடுத்த கயிறு இருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இதற்கா சுவரைப் பார்க்கப் பயந்து செத்தேன்? ஈரக் கொழுந்தின் பாரம் முழுக்க ஒரு விரல் அகலக் கயிற்றில் தொங்குகிறது. நாள் முழுக்க அது தலையை அறுத்தால் முடி நிற்குமா? இழுப்பது கயிறு, பின்னால் இருப்பது கூடை. இதைக் கண்டுபிடிக்க இத்தனை மாதம். சுடச்சுட அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போது ஒரு வெற்றிச் சிரிப்புகூட என் முகத்தில் இருந்திருக்கும்.

அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு ரொம்ப நிதானமாக, “அப்ப யாரும் இழுக்கலைங்கிறியா?” என்றாள்.

“கயிறும்மா. வெறும் கயிறு.”

அவள் தலையில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையைக் கீழே இறக்க அவளுக்கு நேரம் பிடித்தது. மறுநாள் அவளும் சாக்குப் பையோடு மலைக்கு வந்தாள். கயிற்றைச் சுருட்டி இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் என் உச்சியில் பூனைமுடிபோல மெல்லிசாக முளைத்தது. அடுத்த வீட்டுக்காரி தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அம்மா தலையில் ஒன்றும் முளைக்கவில்லை. வயதாகிவிட்டது, வேர் செத்திருக்கும். முடியைவிட மோசமாக அவள் உடம்பு இளைத்தது. சாயங்காலங்களில் பேச்சு நின்றுவிட்டது. அக்காவுக்கு இன்றைக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும், “தல ரொம்ப லேசா இருக்கு புள்ள, நெஞ்ச அடைக்குது” என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அக்கா இருக்கிறாளா இல்லையா என்று நினைக்கத் தொடங்கினால் நானும் படுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேலை இல்லை. நான் ஓடையில் துணி துவைத்துவிட்டு ஏறி வந்தேன். பனி அன்றைக்குச் சீக்கிரமே இறங்கிவிட்டது. எங்கள் வாசல் பத்தடி தள்ளி வரும்வரை தெரியவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அடுப்பு எரியவில்லை. அரை இருட்டில் அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகில் கூடை தொங்கியது. உச்சியில் அக்காவின் கயிறு.

விடுமுறை நாளில், வீட்டுக்குள், காலிக் கூடையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. அம்மாவுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. தலையை மெல்லப் பின்னால் சாய்த்தாள், காத்திருந்தாள், மறுபடி நிமிர்ந்தாள். கூடையில் பாரம் இல்லை, கயிறு தொய்ந்தது. திரும்பவும் சாய்த்தாள். எதிரே சுவர் வெடிப்பில் எங்கள் முடி பிதுங்கி நின்றது.

கூப்பிட வாயைத் திறந்தேன். ‘அம்மா, அது கயிறு’ என்று இன்னொரு தடவை சொல்லமுடியாது என்று தெரிந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் அவள் பின்னால் போய் உட்கார்ந்தேன். கூடையின் அடியில் கை வைத்து, மெதுவாகக் கீழே இழுத்தேன்.

அம்மாவின் தோள் இறங்கியது. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“மெதுவா இழுடி, பெரியவளே” என்றாள். “கொஞ்சந்தான் மிச்சமிருக்கு.”

நான் கையை எடுக்கவில்லை.