படாக் பெட்டியும் என் பிளாஸ்டிக் குழாயும்

சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து, என் மகள் சென்னையில் நடந்த வில்வித்தைப் போட்டிக்குத் தேர்வானாள். அவளுடைய மூங்கில் வில் விமானத்தில் உடையாமல் போகவேண்டுமே என்பதுதான் என் கவலை. எங்கள் அந்தமானின் ஜங்லிகாட் கடைத்தெருவில் ஆறு அங்குல விட்டத்தில், வில்லின் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கி, உள்ளே பழைய போர்வையைச் சுற்றி, முனைகளுக்குத் திருகுமூடி போட்டேன்.

அணி மேலாளர் சிரித்தார். "க்யா பாய், கக்கூஸ் பைப்பா? அந்தமான் மானமே போயிடும்."

மற்ற மூன்று பிள்ளைகளின் விற்களுக்கு அவர் எங்கள் தீவின் விலையுயர்ந்த படாக் மரத்தில் பெட்டி செய்து, பித்தளையில் தன் பெயரைப் பதித்திருந்தார். பிள்ளைகளின் பெயர் எங்கும் இல்லை. நான் என் குழாயின் மூடியை இன்னும் இறுக்கினேன்.

தீவிலிருந்து படாக் வெளியே போக வனத்துறைச் சீட்டு வேண்டும். ஒரு முக்காலி கொண்டுபோகிறவனுக்குக்கூட அது தெரியும். தற்பெருமையில் அந்த மனிதர் அதை வாங்கவே மறந்திருந்தார். விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். பித்தளையைத் தட்டித் தட்டி, வெட்கமில்லாமல் வாதாடிப் பார்த்தார்.

கடைசியில் என்னிடம் வந்தார். "அண்ணே, உங்க பைப்புல இன்னும் மூணு வில்லு போகுமாண்ணே?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளுக்காக மூடியைத் திருகித் திறந்தேன்.