ஆட்டுக்கும் எனக்கும் ஒரே காய்ச்சல்

பள்ளி விட்டுப் பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில்தான் அந்தக் காய்ச்சல் வரும். இரவில் புடவை நனைய வியர்க்கும். காலையில் ஒன்றுமே இருக்காது. சில வாரம் அடங்கிக் கிடந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். நான் கணக்கு டீச்சர், எதிலும் ஓர் ஒழுங்கைத் தேடுகிறவள். இதன் கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. கரும்பலகை முன்னால் நிற்க முடியாமல் விடுப்பு எடுத்தேன். முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். இனி நின்று பாடம் நடத்துவேனா என்று பயந்து அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா என் முதுகை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"வீட்ல ஆடு, மாடு இருக்குங்களா?"

"ரெண்டு ஆடு இருக்கு. அவருதான் வளக்கறாரு."

"பால காய்ச்சிதான் குடிக்கிறீங்களா?"

"பின்ன? காய்ச்சாத பால யாராவது குடிப்பாங்களா?" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற என் கணவர் தொண்டையைச் செருமினார். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். "குடிக்கிறதுக்குக் காய்ச்சுவோம் டாக்டர். ஃப்ரொமாஜுக்கு காய்ச்சறதில்ல. அங்கல்லாம் பச்சப் பால்லதான் செய்வாங்க."

ஃப்ரொமாஜ் என்றால் பாலாடைக்கட்டி. ஞாயிறுதோறும் பச்சை ஆட்டுப்பாலை உறைய வைத்துத் துணியில் கட்டித் தொங்கவிடுவார். ரொட்டியில் தடவி நானும் ரசித்துத்தான் தின்றேன். அதுவும் பால்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஆடு எதுனா கொறமாசத்துல குட்டி போட்டுச்சா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மழைக்காலத்தில் எங்கள் ஆடு கருப்பிக்கு அப்படித்தான் ஆகியிருந்தது.

என் ரத்தத்தைச் சோதித்ததில் புரூசெல்லோசிஸ் (கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல்) என்று தெரிந்தது. கால்நடை மருத்துவர் இரண்டு ஆடுகளின் ரத்தத்தையும் பார்த்தார். ஒன்றுக்கு நோயில்லை. கருப்பிக்கு அதே கிருமி. அதன் வயிற்றில் குட்டி தங்காததற்கும் என் இடுப்பு வலிக்கும் ஒரே காரணம்! வலியை மறந்து டாக்டரம்மாவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டேன்.

"எல்லாம் சொல்றேன் டீச்சர். மொதல்ல மாத்திரய முழுங்குங்க."

ஆறு வாரம் மாத்திரை, கூடவே ஊசி. உங்களுக்கும் இதே நோய் என்றால், காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கிருமி பதுங்கியிருந்து திரும்பி வரும். என்னைவிட அதிகம் ஃப்ரொமாஜ் தின்ற என் வீட்டுக்காரருக்குச் சோதனையில் ஒன்றுமில்லை. கொடுத்து வைத்தவர்.

கருப்பியை விற்றால் நோயை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதாகும். அதைக் கருணைக்கொலை செய்யக் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, வெறும் கயிற்றோடு என் கணவர் திரும்பி வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. இப்போது பால் பொங்கி அடங்கும்வரை அடுப்பை விட்டு நகர்வதில்லை.

என் உடம்பு என் தோலோடு முடிகிறது என்று நினைத்திருந்தேன். அது ஆட்டுக்கொட்டகை வரை நீள்கிறது.

இன்றும் மாலை மணி அடித்தால் கை தானாகக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறது. சூடில்லை. பிள்ளைகள் போன பிறகு கரும்பலகையை மெதுவாக அழிக்கிறேன். வேலை முடிந்தும் உட்காராமல் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.