பள்ளத்துக்கு முன்னால் கிடந்த தழை

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையை அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் சூடுபிடித்திருந்த நாட்களும் அவைதான். மகளுக்கு உளுந்தூர்பேட்டையில் தேர்வு. மறியல் நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. என் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத அவளே காரை ஓட்டுவதாக முடிவானது.

கிளம்பும்போதே என் கண் சாலையில் கிளையைத் தேடியது. எங்கள் பக்கம் சாலையில் மரக்கிளை கிடந்தால் அது மறியல்தான், வேறெதுவும் இல்லை. நான் ஆறாவது படித்தபோது, முந்தைய போராட்டத்தில், நாங்கள் வந்த பஸ் ஒரு புளியங்கிளைக்கு முன்னால் நின்றது. கல் பட்டு முன் கண்ணாடி நொறுங்கி என் மடியில் கொட்டியது. எங்களுக்கு முன்னால் போன பஸ் நிற்காமல் இடுக்கில் நுழைந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. கிளையைப் பார்த்தால் நிற்கக் கூடாது என்பது அன்றே என் மனதில் பதிந்துபோனது.

தியாகதுருகம் தாண்டியதும் மஞ்சள் பலகை ஒன்று வந்தது. இடது ஓரம் உள்ளே வளைந்து, சாலை குறுகுவதைக் காட்டும் படம். லைசென்ஸ் பரீட்சைக்கு முந்தின வாரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதே படத்தை அவளிடம் கேட்டவன் நான். அவள் வலது இண்டிகேட்டரைப் போட்டு வேகத்தைக் குறைத்தாள். வலப்பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களுக்கு இணையாக வந்துகொண்டிருந்தது. அதை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் சேர்ந்துகொள்கிறேன் என்றாள்.

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. வரிசையாக வைத்த டிரம்களுக்கு அப்பால் வேப்பந்தழை. அதன் பக்கத்தில் ஏழெட்டுப் பேர். ஒரு சிவப்புத் துணி.

"மறியல். நிக்காத பாப்பா, டிராக்டருக்கு முன்னாடி பூந்துடு."

"இல்லப்பா, அந்த போர்டு..."

"போன்னா போ."

என் பேச்சைக் கேட்டாள். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. வண்டி பாய்ந்தது. டிராக்டர்காரருக்கு ஒதுங்க இடமில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்புகள் உரசி, அவள் பக்கத்துக் கண்ணாடி தெறித்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். ஒரு டிரம் உருண்டது. தழை மீது முன் சக்கரம் ஏறி நின்றது. அதற்கு அந்தப் பக்கம் பாலத்துக்காக வெட்டிய பள்ளம். உள்ளே கம்பிகள் நட்டுக்கொண்டு நின்றன.

சிவப்புத் துணி என்று நான் பார்த்தது, சாலை வேலைக்காரர்கள் வண்டிகளுக்குக் காட்டும் கொடி. அதைப் பிடித்திருந்த பெண் ஓடி வந்தார்.

"நான் இங்க கொடி ஆட்டிக்கினு நிக்கிறேன், என்னை உட்டுட்டுத் தழையப் பாத்துக்கினு வரீங்களே. பள்ளம் தெரியட்டும்னு நாங்கதாங்க ஒடிச்சிப் போட்டோம்."

டிராக்டர்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்து வந்தார். குனிந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், பொண்ணுக்கு ஓட்டக் கத்துக்குடுக்கிறீங்களா, குதிக்கக் கத்துக்குடுக்கிறீங்களா?"

அந்தப் பெண் பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தி, எங்களைப் பின்வாங்க வைத்தார். மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ பின்னாடி ஒக்காந்துக்கோப்பா."

இறங்கிப் பின்சீட்டுக்கு மாறினேன். அவள் ஒரு லாரியை விட்டு, அதன் பின்னால் நிதானமாகச் சேர்ந்துகொண்டாள். தேர்வுக்கு நேரத்துக்குப் போய்விட்டோம்.

திரும்பும்போது எதிர்ப்பக்கத்திலும் அதே படம் போட்ட பலகை. அதைத் தாண்டி டிரம்கள், தழை, ஆட்கள். என் வாய் தானாகத் திறந்தது. தோளில் கிடந்த துண்டின் முனையை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன். அவள் இண்டிகேட்டரைப் போட்டாள், வேகத்தைக் குறைத்தாள், ஒரு பஸ்ஸை விட்டாள், சேர்ந்துகொண்டாள்.

சாலை வேலை முடிந்துவிட்டது. என் கைக்கட்டும் பிரித்தாகிவிட்டது. அவள் ஓட்டும்போது நான் இன்னமும் பின்சீட்டில்தான் உட்காருகிறேன், துண்டோடு.