கலைத்து வைத்த சோறு

இன்று காலை எங்கள் மகளை முதன்முறையாக வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் வேலைக்குப் புறப்பட்டோம். நாங்கள் நாற்பதைத் தாண்டிய பிறகு பிறந்த பிள்ளை. பார்த்துக்கொள்ள வந்திருப்பவர் டயகமப் பக்கத்து அம்மா ஒருவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் கொட்டகலையில் பஸ் ஏறியதிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரோ சொன்னார்களென்று ஹட்டனில் வாங்கிய சின்னக் கமரா ஒன்று அலுமாரியில் கிடக்கிறது. அதைத் தொட்டிலுக்கு மேலே சுவரில் பூட்டாமல் வந்தது சரியா என்று யோசிக்கும்போதெல்லாம் என் அம்மாவின் சோற்றுப்பானைதான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு அப்போது ஏழு வயது. லிந்துலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கு அந்த வருடம்தான் ஆசிரியை நியமனம் கிடைத்திருந்தது. பஸ்ஸில் போகவேண்டிய பாடசாலை. கைக்குழந்தையான தங்கையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விடலாமென்றால், அது கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா கையை விரித்துவிட்டார். அம்மா எடுத்த லீவு ஏற்கெனவே அதிகம். இனியும் வராவிட்டால் வேலை நிலைக்காது என்று அதிபர் சொல்லிவிட்டார். அப்படித்தான் கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அக்கா ஒருத்தி தங்கையைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

தங்கை இரண்டே நாளில் அவளோடு ஒட்டிக்கொண்டாள். மத்தியானம் நான் பள்ளிவிட்டு வந்தால் அக்கா எனக்குச் சோறு போடுவாள், தங்கைக்குக் குழைத்து ஊட்டுவாள். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மாலையில் அம்மா வந்ததும் குழந்தையைத் தூக்குவதற்கு முன்பே, "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்பாள்.

"ஆமாங்க" என்பாள் அக்கா.

அதோடு விடமாட்டாள் அம்மா. நேரே அடுப்படிக்குப் போய்ப் பானை மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். தினமும் இதே கதை. அப்பா ஒருநாள், "என்ன, சோறு குட்டி போட்டிருக்கான்னு பாக்குறியா?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

பானைக்குள் அப்படி என்னதான் இருக்கிறதென்று அறிய எனக்குப் பெரிய ஆவல். ஒரு மத்தியானம் பலகைக்கட்டை மேல் ஏறி மூடியைத் திறந்தேன். சோறுதான் இருந்தது.

"என்ன தம்பி தெரியுது?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"ஒன்னுமில்ல. அம்மா எதுக்குக்கா பாக்குறாங்க?"

"அது எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லி மூடியை வாங்கி மூடினாள்.

மறுநாள் காலையில் அவள் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். அக்கா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேற ஆளப் பாத்துக்கங்க டீச்சரம்மா. சோத்துப்பானையத் தொறந்து பாக்குற வீட்டுல என்னால இருக்க முடியாதுங்க. ஒரு கை கொறஞ்சா திருடின்னு நெனப்பீங்கன்னு பச்சத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெடந்தேன். அப்பவும் தொறந்து பாத்தா நான் என்னங்க செய்ய?"

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே ரோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டது. மேல் வளைவில் வருகிறதென்று அர்த்தம். அம்மா எழவில்லை.

"சோறு கொறையலையேன்னுதான் புள்ள பாத்தேன்" என்றாள். "நீ திங்காம இருக்கியோன்னு."

அக்கா அம்மாவை நம்பாதவள் போலப் பார்த்தாள்.

"நான் இருந்த கொழும்பு வீட்டுக்கார நோனா, வெளிய போறப்ப சோத்த மட்டமாத் தட்டி, கரண்டியால ஒரு கோடு போட்டுட்டுப் போவாங்க. வந்ததும் மொதல்ல கோட்டத்தான் பாப்பாங்க. அப்பறந்தான் புள்ளையப் பாப்பாங்க" என்றாள் அம்மா.

"அப்ப நீங்க என்னங்க செய்வீங்க?"

"புள்ளைக்கு ஊட்டுன கோப்பைய வழிச்சுத் திம்பேன். அது நல்லாத் திங்குற புள்ள வேற."

அக்காவுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. பிறகு கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தங்கையை அம்மாவின் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஓடுங்க டீச்சரம்மா, பஸ்ஸு போயிரும்."

ரோட்டுக்கு ஏறும் படிகளில் மூச்சிரைக்க அம்மாவிடம் கேட்டேன்: "அந்த நோனா வீட்டுக்கு விருந்தாடியா போனியாம்மா?"

"ஆமாடா" என்றாள். "ரெண்டு வருசம் விருந்து."

அவ்வளவு நீண்ட விருந்துக்கு என்னை ஏன் ஒருதடவைகூடக் கூட்டிப்போகவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு அம்மா மாலையில் பானையைத் திறக்கவில்லை. காலையில்தான் திறந்தாள். வேலைக்குப் போகுமுன் அகப்பையை விட்டு, வெந்து மட்டமாக இருக்கும் சோற்றை அடியிலிருந்து மேலாகக் கலைத்து, அகப்பையை உள்ளேயே விட்டுவிட்டுப் போவாள். அக்கா கல்யாணமாகிப் போகும்வரை ஒருநாளும் அது தவறவில்லை.

கமராவை நாளைக்குப் பூட்டுவேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை. பூட்டினாலும் அது தொட்டில் பக்கம் பார்க்குமே தவிர அடுப்படிப் பக்கம் பார்க்காது. இன்று காலை மனைவி வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, நானும் பானையைத் திறந்து சோற்றைக் கலைத்துவிட்டுத்தான் வந்தேன்.

சோறு கட்டிதட்டாமல் இருக்கத்தான் அம்மா அப்படிச் செய்கிறாள் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.