கடைசிக் கல்யாணம் எந்தப் பக்கம்?

ஸ்வீட் பெட்டி அட்டையில் வெட்டிய அம்பு அது. ஓரத்தில் நெய்க் கறை. தி.நகரில் எங்கள் கல்யாண வீடியோ அலுவலகச் சுவரில் இடது பக்கம் 'ஈக்காட்டுத்தாங்கல்', வலது பக்கம் 'திருவான்மியூர்' என்று இரண்டு சீட்டுகள்; நடுவில் இந்த அம்பு. இரண்டு இடங்களிலும் எங்களுக்கு ஸ்டோரேஜ் கிளஸ்டர்கள் இருந்தன. அதாவது, டிஸ்க்குகள் நிறைந்த பல மெஷின்களை ஒன்றாகக் கோத்து வைத்தவை. ஈக்காட்டுத்தாங்கலில் ஏறும் வீடியோவெல்லாம் லைன் வழியே திருவான்மியூருக்கும் போய் நகலாகிவிடும். நகல் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அம்பு சொல்லும். அதைத் தொடும் உரிமை ஸ்டோரேஜ் பொறுப்பில் இருந்த அக்காவுக்கு மட்டும்தான். சேர்ந்த புதிதில் நான் அதை வாஸ்து சமாசாரம் என்று நினைத்து, வடக்கே திருப்பினால் சம்பளம் ஏறுமா என்று கேட்டேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திருப்பிப் பாரு நைனா. வேலையே போவும்."

அக்கா பட்டினப்பாக்கத்துக்காரர். மார்க்கெட்டில் மீன் விற்ற அம்மாவிடமிருந்து குரலையும், இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து மற்றதையும் வாங்கி வந்தவர். எனக்குக் கல்லூரியிலிருந்து கிடைத்தது குரூப் போட்டோ மட்டும். "நகல் போயிடுச்சுக்கா, பச்சை லைட்டு எரியுது" என்று நாங்கள் சொன்னால், "சிக்னல்லயும்தான் பச்சை எரியுது, பாக்காமயா ரோடு தாண்டுற? கடைசிக் கல்யாணம் எந்தப் பக்கம் கீது, அத்த சொல்லு" என்பார். இரண்டு பக்கமும் கடைசியாக வந்த கல்யாணத்தைத் திறந்து, தாலி கட்டும் இடம்வரை ஓட்டிப் பார்த்தால்தான் நம்புவார். தினமும் யாரோ ஒருவரின் கெட்டிமேளத்தோடுதான் அவருக்குப் பொழுது விடியும்.

ஒரு முகூர்த்த சீசனில் ஈக்காட்டுத்தாங்கலில் ஏ.சி. தண்ணீர் ஒழுகி, மெஷின்கள் அடுக்கியிருந்த ரேக்கில் கொட்டியது. அந்தப் பக்கமே படுத்துவிட்டது. எடிட்டர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அக்கா வேலையைத் திருவான்மியூருக்கு மாற்றிவிட்டார். நகல் போக வழியில்லாததால் அம்பைக் கழற்றித் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் கல்யாணங்கள் அங்கேதான் வந்து ஏறின. கேமரா கார்டுகளை அழிக்க வேண்டாமென்று அவர் சொல்லி அனுப்புவதற்குள், கேமராக்காரர்கள் பழக்கதோஷத்தில் அழித்துவிட்டு அடுத்த மண்டபத்துக்குப் பறந்திருந்தார்கள். ஆக, அந்தக் கல்யாணங்கள் திருவான்மியூரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை.

மூன்றாம் நாள் பழுதான மெஷின்கள் உயிர்பெற்றன. நாங்கள் கை தட்டினோம். அக்கா ஓடிப்போய் முதல் காரியமாக இரண்டு இடங்களுக்கும் நடுவிலிருந்த லைனைத் துண்டித்தார். திரும்பி வந்த கிளஸ்டர் இன்னமும் தானே வீட்டுக்குப் பெரியவர் என்ற நினைப்பில் இருந்தது. சேர விட்டால் தன்னிடமிருக்கும் பழையதை அந்தப் பக்கம் தள்ளி, தன்னிடம் இல்லாத கல்யாணங்களை அங்கிருந்தும் துடைத்துவிடும்.

மயிலாப்பூர்க்காரரான எங்கள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "மெஷின்தான் சரியாயிடுத்தே! பழையபடி போட்டுட வேண்டியதுதானே? அங்கேருந்து எடிட்டிங் ஆமை மாதிரி நகர்ந்துண்டிருக்கு. சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"பாத்துக்கோங்க சார். கடைசிக் கல்யாணம் எந்தப் பக்கம் கீதுன்னு அந்த ஆளையும் கேட்டுட்டு லைனைப் போடச் சொல்லுங்க. போச்சுன்னா, இன்னொரு தபா தாலி கட்டச் சொல்லி மாப்ள வூட்ல நீங்களே பேசிடுங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் பிறகு சாயங்காலம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

வரவேற்பறையில் மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். மகள் வெளிநாடு கிளம்புவதற்குள் வீடியோ வேண்டும். "உன் வாயை இன்னிக்காவது வேலைக்கு அனுப்பு" என்று அக்கா என்னை அவரிடம் அனுப்பினார். அந்த நெருக்கடியில் என் தொழில்நுட்பப் பங்களிப்பு அதுதான்: இரண்டு காபி, கைவசமிருந்த ஜோக்குகள் அத்தனையும். மனிதர் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. "என் பொண்ணு கல்யாணம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். மூன்றாவது காபி சொல்லிவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

அக்கா அம்பைத் தலைகீழாக ஒட்டினார்: திருவான்மியூரிலிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு. திரும்பி வந்த கிளஸ்டரை இனி வாங்கிக்கொள்ள மட்டும் செய்யும்படி செட்டிங்கில் மாற்றிவிட்டு லைனைச் சேர்த்து, அந்த நாட்களில் மாறியதை மட்டும் அந்தத் திசையில் அனுப்பினார். மறுநாள் எடிட்டர்களைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, இடையில் சேர்ந்த மிச்சத்தையும் அனுப்பி, இரண்டு பக்கமும் கெட்டிமேளம் கேட்ட பிறகே அம்பைப் பழையபடி திருப்பினார். மாம்பலத்து அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினோம். திரையில் துண்டால் கண்ணைத் துடைக்கும் தன்னையே பார்த்தவர், "நான் அழவே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே" என்று மறுபடி துடைத்துக்கொண்டார்.

அக்கா இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். அவர் நாற்காலியில் நான். அலுவலகம் இன்னும் இடிந்து விழவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். திசையெல்லாம் இப்போது திரையிலேயே பளிச்சென்று தெரிகிறது. போன வாரம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். மறுநாள் பார்த்தால் பெயிண்டரே அம்பை எடுத்து ஒட்டியிருந்தார். அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அம்பு எந்தப் பக்கம் பாக்கணும்?"

மறுமுனையில் அதே மார்க்கெட் சிரிப்பு. "அட்டையப் பாத்துக்கினு என்னைக் கேக்கிறியா? கடைசிக் கல்யாணத்தப் போய்ப் பாரு நைனா!"

போய்த் தாலி கட்டும் இடம்வரை ஓட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும். திரையில் காட்டிய திசையோடு ஒப்பிட்டால், பெயிண்டரும் சரியாகத்தான் ஒட்டியிருந்தார். இருந்தாலும் அதைக் கழற்றி, அதே திசையில் நானே ஒருமுறை ஒட்டினேன்.