மலை மேல் கேட்ட சம்புடச் சத்தம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கறிக்குழம்பு வைத்து, சாப்பிட்டு, பாத்திரமெல்லாம் கழுவிப் போட்டுவிட்டு, அப்பாடா என்று மின்விசிறிக்கு அடியில் படுக்கப் போனேன். சரியாக அப்போது போன் அடித்தது. திருப்பத்தூர் தாண்டி இருக்கிற ஒரு பாறை மலையின் அடிவாரத்து டீக்கடைக்காரர். எந்த மலை என்று சொல்ல மாட்டேன். பேரைச் சொன்னால் பாவம், மலைக்குக் கெட்ட பேர் வந்துவிடும்.

முதலில் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலை ஏறுகிற கிறுக்கு எனக்கு உண்டு. அதே கிறுக்கு பிடித்தவர்கள், என்னையும் சேர்த்து ஆறு பேர், தீயணைப்பு வீரர்களிடம் கயிறு கட்டவும் ஸ்டிரெச்சர் தூக்கவும் பழகி வைத்திருந்தோம். மலையில் யாராவது வழி தவறினாலோ விழுந்தாலோ, சம்பளம் கிம்பளம் இல்லாமல் போய்த் தேடுவோம். பள்ளிக்கூடத்து பி.டி. சார் ஒருவர்தான் எங்களுக்குத் தலைவர். அவருக்கு அடுத்தபடியாக, ஆத்தங்குடியில் தச்சு வேலை பார்க்கிற அண்ணன். எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டுவதற்கு அந்த அண்ணன் தேக்கில் சிம்பு இழைத்து, பாலிஷ் வேறு போட்டு வைத்திருந்தார். கதவுக்குப் போட வேண்டிய பாலிஷைக் காலுக்குப் போட்டிருக்கிறாரே என்று நாங்கள் ஓட்டாத நாள் இல்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரை நாங்கள் காப்பாற்றியது பாறை இடுக்கில் மாட்டிய ஒரு வெள்ளாட்டையும், மயங்கி உட்கார்ந்த ஒரு பெரியவரையும்தான். அதனால் போன் வந்ததும் என் வீட்டுக்காரர் கண்ணைக்கூடத் திறக்காமல், "என்ன, இன்னைக்கும் ஆடா?" என்றார்.

"ஆடு இல்லங்க, புதுப் பொண்ணு! கல்யாணமாகி ஒரு மாசங்கூட ஆகலையாம். மலையில காணோமாம்!"

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, வண்டியை வெளியே எடுத்து வைத்திருந்தார். எனக்குப் பயம் பாதி, இத்தனை நாள் பழகியதற்கு இன்றைக்குத்தான் நிஜமான வேலை வந்திருக்கிறது என்ற வேகம் பாதி.

அடிவாரத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையில் மனைவியின் கைப்பையைப் பிடித்திருந்தார். சொந்தபந்தம் பத்துப் பேராகக் காலையில் மலை ஏறியிருக்கிறார்கள். இறங்கும்போது இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டார்கள். முன்னால் போனவர்கள் பொண்ணு பின்னால் வருகிறது என்று நினைக்க, பின்னால் வந்தவர்கள் பொண்ணு முன்னால் போய்விட்டது என்று நினைக்க, கீழே வந்து பார்த்தால் இரண்டு கூட்டத்திலும் பொண்ணு இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. மலையில் அங்கங்கே சிக்னல் கிடைக்காது.

அவரிடம் விவரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. அந்தப் பெண்தான்! மனிதர் பதற்றத்தில் போனைக் கீழே போடப் பார்த்தார். நான் வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"தங்கச்சி, நாங்க மலையில ஆள் தேடுற கூட்டம். பயப்படாத. எங்குட்டு இருக்க?"

"மேலப் பக்கம் கிடக்கேன்க்கா. ரெண்டு பாறைக்கு நடுவுல. காலு அசைய மாட்டேங்குதுக்கா. சார்ஜு வேற..."

அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

"ரெண்டு பாறையா? அப்ப உச்சியில இருக்கிற இரட்டைப் பாறைதான்" என்றார் பி.டி. சார். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். எல்லாரும் நின்று செல்பி எடுக்கிற பாறை அது. எவ்வளவு தெளிவாக அடையாளம் சொல்லிவிட்டாள், கெட்டிக்காரப் பொண்ணு என்று நான் வாய்விட்டே பாராட்டினேன்.

மாப்பிள்ளை எங்களோடு கிளம்பினார். பி.டி. சார் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, நீங்களும் வந்து நீங்களும் காணாமப் போனா, நாங்க யாரைத் தேடுறது? இங்கயே நில்லுங்க. திரும்பப் போன் வந்தா எடுக்க ஆள் வேணும்ல?" எங்களில் ஒருவர் தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி சொல்ல அவரோடு தங்கிக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் ஏறினோம்.

அந்த ஏற்றத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு வேகமாக ஏறியதில்லை. பாறை, தோசைக்கல்லாகச் சுட்டது. மூச்சு வாங்கியது, வாய் வறண்டது, ஆனால் கால் நிற்கவில்லை. இதோ இந்தத் திருப்பம் தாண்டினால் பொண்ணு, இதோ பொண்ணு என்றே ஏறினேன்.

உச்சிக்குப் போனால், இரட்டைப் பாறைக்கு நடுவில் ஒரு சிப்ஸ் பாக்கெட்தான் கிடந்தது.

ஐந்து பேரும் நாலு பக்கமும் ஓடினோம். "தங்கச்சீ! தங்கச்சீ!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். பதில் இல்லை. மயங்கிவிட்டாளோ, உருண்டுவிட்டாளோ என்று என் புத்தி கண்டபடி போயிற்று. அப்போதுதான் காற்று மாறியது. மேற்கே பார்த்தால் வானம் கருகருவென்று திரண்டு வந்துகொண்டிருந்தது. கோடை மழை. தூரத்தில் ஒரு மின்னல் வெட்டியது.

"எல்லாரும் எறங்குங்க" என்றார் பி.டி. சார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு பொம்பளப் புள்ளய இப்படி விட்டுட்டு எப்படி சார் எறங்குறது? உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா எறங்குவீகளா?"

அவர் கோபப்படவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணா இருந்தாலும் எறங்கத்தான் செய்வேன். மொட்டைப் பாறையில இடி எறங்குச்சுன்னா நம்ம அஞ்சு பேரும் காலி. அப்புறம் அந்தப் புள்ளயத் தேட யாரு இருக்கா?" அவர் சொன்னது சரி. அதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமும். ஆனாலும் எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தச்சர் அண்ணனின் போன் அடித்தது. வீட்டிலிருந்து அண்ணி. அங்கேயும் மழை இருட்டியிருக்கிறது. வாசலில் காய வைத்த பலகைகளை மூடத் தார்ப்பாய் எங்கே என்று கேட்கிறார்கள். அண்ணனுக்கு எரிச்சல். "வீட்டுல தேடாதடி! தார்ப்பாயி மேல வீட்டுல குடுத்துருக்கேன். வாங்கிப் போடு, பலகை நனைஞ்சா போச்சு!"

எனக்குப் பொறி தட்டியது.

"அண்ணே, உங்க வீட்டுக்கு மாடி ஏதுண்ணே?"

"மாடியா? ஓட்டு வீட்டுக்கு ஏதுத்தா மாடி? மேல வீடுன்னா மேக்கால இருக்கிற..." என்றவர் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மேலத் தெரு என்றால் மேற்குத் தெரு. கீழ வீடு என்றால் கிழக்கு வீடு. சமதரையில் ஒருநாளும் யாரும் இதைக் குழப்பிக்கொண்டது கிடையாது. மலையடிவாரத்தில் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தபடி நின்றோம் பாருங்கள், அதனால் ஆறு பேர் காதிலும் 'மேல' என்பது உச்சி என்றே விழுந்துவிட்டது. ஆறு பேரும் இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள், கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

"சார்! அந்தப் பொண்ணு உச்சியச் சொல்லல சார்! மேக்குப் பக்கத்தச் சொல்லியிருக்கா!"

பி.டி. சாரின் முகம் ஒரு நொடி மலர்ந்து, உடனே வெளிறிவிட்டது. "ஆத்தாடி, மேக்கால ஓடையில்ல கிடக்கு. மழை பேஞ்சா உச்சித் தண்ணி பூரா அதுலதான எறங்கும்" என்றார்.

இறங்கினோம். பாதை கிடையாது, ஆடு போகிற தடம்தான். சூரை முள் சுடிதாரைக் கிழித்தது. "ஓடாதீக! உக்காந்து எறங்குங்க! காலை ஒடிச்சுக்கிட்டா உங்களையும் நான்தான் தூக்கணும்!" என்று பி.டி. சார் பின்னாலிருந்து அதட்டிக்கொண்டே வந்தார். கொஞ்சம் இறங்கியதும் எல்லாரையும் நிற்கச் சொல்லி விசிலை மூன்று முறை ஊதினார். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். காற்றுச் சத்தம்தான். இன்னும் கொஞ்சம் இறங்கி, திரும்ப மூன்று முறை.

டங்... டங்... டங்.

பாத்திரச் சத்தம்! எவர்சில்வரைக் கல்லில் அடிக்கிற சத்தம்! ஆளில்லாத மலையில் அது எவ்வளவு இனிமையாக இருந்தது என்று என்னால் சொல்லவே முடியாது. நானும் தச்சர் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் போலக் கத்தினோம். பி.டி. சார் விசிலை ஊத, அங்கிருந்து டங் டங் என்று பதில் வர, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனோம்.

வறண்ட ஓடைக்குள் இரண்டு பாறைக்கு நடுவில் அந்தப் பெண் கிடந்தாள். ஒரு கால் இடுக்கில் மாட்டி, கணுக்கால் வீங்கிப் போயிருந்தது. கையில் சம்புடம், பலகாரம் வைக்கிற மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, அடித்து அடித்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ பொரிந்து தள்ளிவிட்டாள்.

"மேலப் பக்கம்னுதானக்கா சொன்னேன்! நீங்க ஏன் உச்சியில போய் நின்னு கத்துறீக? நானும் எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன், ஒருத்தருக்கும் கேக்கல!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சொட்டுச் சொட்டாக மழை விழத் தொடங்கியது. கல்லைப் புரட்டிக் காலை எடுத்து, பாலிஷ் போட்ட தேக்குச் சிம்பை வைத்துக் கட்டினோம். அந்த இடுக்கில் ஸ்டிரெச்சரை விரிக்க இடமில்லை. ஐந்து பேரும் கையாலேயே அவளை ஏந்தி, கரை மேட்டில் ஏற்றினோம். நாங்கள் ஏறி மூச்சு வாங்குவதற்குள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உச்சியிலிருந்து செம்மண் தண்ணீர் சலசலவென்று இறங்கி, அவள் கிடந்த இடுக்கை மூடிக்கொண்டு ஓடியது. ஐந்து பேரும் அதைப் பார்த்தபடி நின்றோம்.

அந்தப் பெண்தான் அலறினாள். "ஐயோ, சம்புடம்! எங்கம்மா குடுத்த சீருக்கா! பேரு வெட்டுன சம்புடம்!" அது தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. போனால் போகிறது, நீ இருக்கிறாயே என்று நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஏன் தனியாக வந்தாள் என்பதை என் காதோடுதான் சொன்னாள். "ஒதுங்க வந்தேன்க்கா. கூட வந்ததெல்லாம் அவுக சித்தப்பா, மச்சான்மாரு. நான் யார்கிட்டச் சொல்லிட்டு வர?" புதுப் பெண்ணின் கூச்சம். கண் மறைவாக இருக்கட்டும் என்று தள்ளித் தள்ளிப் போனவள், திரும்பும்போது தடம் மாறிவிட்டாள். அதைக் கேட்டு எனக்கு மனசு பொறுக்கவில்லை. இன்றைக்கும் கல்லூரிகளில் மலையேற்றப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டால், கயிறு, விசில் எல்லாம் அப்புறம்தான். பெண் பிள்ளைகளிடம் முதலில் நான் சொல்வது, ஒதுங்கப் போனாலும் ஒருத்தரிடம் வாய் திறந்து சொல்லிவிட்டுப் போங்கள், வெட்கப்படாதீர்கள் என்பதுதான்.

கீழே நின்ற எங்கள் ஆளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தோம். மேற்கு அடிவாரத்துக்குத் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் சுற்றி வந்துவிட்டன. மாப்பிள்ளை மழையில் ஓடி வந்து, ஸ்டிரெச்சரைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் நிற்பதைக்கூடப் பார்க்காமல் ஓவென்று அழுதார். "நான்தான் நல்லா இருக்கேன்ல, அழுகாதீக" என்று அந்தப் பெண்தான் அவரைத் தேற்றினாள்.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம். மலையில் யாரும் 'மேல', 'கீழ' என்று சொல்லக் கூடாது. உச்சி, அடி, சூரியன் உதிக்கிற பக்கம், விழுகிற பக்கம், அவ்வளவுதான். போனில் யாராவது இடம் சொன்னால், உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது, வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம்.

கால் சரியானதும் புருஷனும் பெண்டாட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கை நிறையச் சீப்புச்சீடை. அது இருந்தது புத்தம்புதுச் சம்புடத்தில். திருப்பிப் பார்த்தால், பேர் வெட்டுகிற இடத்தில் 'மேலப் பக்கம்' என்று வெட்டியிருந்தது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் இப்போதும் பலகாரம் எங்கே என்று கேட்பார். மேல இருக்கு என்பேன். எந்த மேல என்பார்.

சிரிப்புதான். ஆனால் அந்தச் சம்புடத்தைத் தொடும்போதெல்லாம் செம்மண் தண்ணீர் மூடிய அந்த இடுக்கு என் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. அவள் சரியாகத்தான் சொன்னாள், நாங்கள்தான் எங்கள் கால் நின்ற இடத்திலிருந்து கேட்டோம். அன்றிலிருந்து வீட்டிலானாலும் வேலை பார்க்கிற இடத்திலானாலும், ஒருத்தர் கஷ்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால், அவர் எங்கே கிடந்து சொல்கிறார் என்று ஒரு தடவை யோசிக்காமல் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.