முதலாம் ஆட்டக்காரன், இரண்டாம் ஆட்டக்காரன்

வேலைக்கு விண்ணப்பம் போடலாமா என்று ஜோசியரைக் கேட்டவர்கள் உண்டு, மாமனாரைக் கேட்டவர்களும் உண்டு. நான் சட்டைப் பைக்குள் மூன்று காகிதச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கேட்டேன். அதுவும் கும்மிடிப்பூண்டி பாசஞ்சரின் கழிவறையில் நின்றுகொண்டு. ஜோசியரிடம் போயிருந்தால் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சியிருக்கும். மனிதர்கள் புத்திசாலித்தனமாக முடிவெடுப்பது எப்படி என்பதுதான் அப்போது என் ஆராய்ச்சி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பேராசிரியரிடம் கேம் தியரி என்கிற ஆட்டக் கோட்பாடு படித்தவர்கள் இருவர்தான்: நெல் வயல் வைத்திருந்த வீட்டிலிருந்து நானும், பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் வீட்டிலிருந்து நண்பனும். நான் கும்மிடிப்பூண்டியில் ஏறித் துண்டு போட்டு இடம் பிடிப்பேன். அவன் பொன்னேரியில் ஏறி அந்தத் துண்டின் மேலேயே உட்காருவான். இருவர் மடியிலும் செருப்புப் பெட்டி, அதற்குள் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் துளையிட்ட அட்டைகள். மாலையில் கொடுத்தால் மறுநாள்தான் விடை வரும். "இன்னா நைனா, மிஷினு இன்னா துப்பிச்சி?" என்பதுதான் அவனுடைய காலை வணக்கம்.

துறையில் ஒரே ஒரு விரிவுரையாளர் இடம் காலியானது. பேராசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால் அவருக்கு வேலை நிச்சயம். இருவரும் விண்ணப்பித்தால் கோஷ்டிச் சண்டை என்று சொல்லித் தேர்வுக் குழு வெளியாளை எடுத்துக்கொள்ளும். யாரும் விண்ணப்பிக்காவிட்டால் இடம் வேறு துறைக்குப் போய்விடும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ரெண்டு பேரும் இதைப் பத்திக் கலந்து பேசக்கூடாது. பேசினா அது கணக்கு இல்ல, பஞ்சாயத்து" என்றார். வேறு எந்தத் துறை மாணவனும் வெளியே வந்ததும் டீக்கடையில் பேசி முடித்திருப்பான். நாங்கள் கீழ்ப்படிந்தோம். எங்கள் சாஸ்திரத்தில் ஆட்டக்காரர்கள் பேசுவதில்லை.

நண்பனுக்கு உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. அவன் அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. வேலை கிடைக்காவிட்டால் அவன் படகுக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு இது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆகவே நான் விட்டுக்கொடுப்பேன் என்று அவன் நினைப்பான், அதனால் விண்ணப்பிப்பான். இல்லை, எனக்காக அவன் விட்டுக்கொடுத்துவிட்டால்? இப்படியே போனால் அடி தெரியாத கிணறு. எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் இதையே கணக்காக்கி அட்டைகளில் துளை போட்டேன். அவனும் போட்டான். காலை வணக்கம் நின்றது. மீஞ்சூர் தாண்டும்போது அவன் என் கைகளையே பார்ப்பான். நான் பெட்டியை மூடிக்கொள்வேன். பேராசிரியர் தினமும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போவார். அந்தப் பார்வைதான் என்னைப் பயமுறுத்தியது. வீட்டில் நாய் வளர்ப்பவன் அப்படிப் பார்க்கமாட்டான். சோதனைக்கூடத்தில் எலி வளர்ப்பவன் பார்ப்பான்.

கடைசியில் மிஷின் சொன்னது: மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் விண்ணப்பிக்கவும். எனவே மூன்று சீட்டுகள், ஒன்றில் மட்டும் 'போடு'. எனக்கு வெற்றுச் சீட்டு வந்தது. அவன் பிழைத்தான் என்று நிம்மதியாக இருந்தேன்.

கெடு முடிந்த மாலை, திரும்பும் வண்டியில், அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"போட்டியா?"

"இல்ல. நீ?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்துக் காட்டினான். பிறகு சிரித்தான். பொன்னேரி வரை நிறுத்தாமல் சிரித்தான். பக்கத்திலிருந்த கீரைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனாள். பொன்னேரியில் செருப்புப் பெட்டியை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினான். அதன்பிறகு அவன் ஆராய்ச்சிக்கு வரவே இல்லை.

பேராசிரியர் எங்களை வைத்து ஒரு கட்டுரை எழுதி, அதை மாநாட்டில் வாசிக்க வெளிநாட்டுக்கு விமானம் ஏறினார். அதில் எங்களுக்குப் பெயர் கிடையாது. முதலாம் ஆட்டக்காரன், இரண்டாம் ஆட்டக்காரன். இருவரும் கோட்பாட்டின்படி துளியும் பிசகாமல் நடந்துகொண்டார்கள் என்று பாராட்டியிருந்தார்.

மறு மாதம் அவன் ஊருக்குப் போனேன். அவன் ஏரியில் இருந்தான். அவன் அம்மா வலையைப் பிரித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டார். மிஷின், அட்டை, கழிவறை எல்லாவற்றையும் சொன்னேன். வலையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

"எம் புள்ளைக்கு மட்டுந்தான் மூள கொயம்பிப் போச்சின்னு இத்தினி நாளா அய்துகினு இருந்தேன் நைனா. நீயும் அதே கேசுதானா? இப்பதான் மன்சு ஆறுச்சி. குந்து, சோறு துன்னுட்டுப் போ."